பாலைப்பழம் இல்லாத பாலைவனம்

லின்ஃபீல்ட்,
ஒக்லாந்து.
7.9.1986

என் அன்பு மகன் தியாகுவுக்கு அம்மா எழுதுவது,

கடவுள் புண்ணியத்தில் இங்கே அப்பாவும் நானும் ரதி அக்காவும் ஜெயரட்ணம் அத்தானும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவின் இருமல்கூட இந்தக் கிழமை லீவில் போயிருக்கிறது. நீயும் ரியாத்தில் அப்படியே சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கிற நேரமெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ராசா, சுகத்தை எழுதும்போது கொஞ்சம் விரித்து எழுதினால் என்ன, பேனையில் மை முடிந்துவிடுமா? நீ போன நாளிலிருந்து நாலரை வருடமாக வருகிற கடிதம் எல்லாம் ஒரே மூன்று வரிதான். நான் சுகம், வேலை பரவாயில்லை, வெயில் கொஞ்சம் கூட. தந்திகூட இதைவிட நீளமாக வரும் என்று அப்பா சொல்கிறார், ஸ்டேசன் மாஸ்ரராக இருந்து எத்தனை தந்தியைப் பார்த்தவர், அவருக்குத் தெரியும்தானே. வெயில் கொஞ்சம் கூட என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு நீ எந்த மாதிரி இடத்தில் நடக்கிறாய், எதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறாய், நிழலுக்கு ஒரு மரமாவது உண்டா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

போன மாதம் வந்த கடிதம் மட்டும் ஒரு முழுப் பக்கம். கண்டதும் எனக்குச் சந்தோசம் பிடிபடவில்லை, வாசித்த பிறகுதான் ஏன் இவ்வளவு நீளம் என்று விளங்கியது. ஐப்பசிக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கப்போகிறேன், வெறுங்கையோடு வந்து அத்தான் வீட்டில் எப்படி இருப்பது, கையில் ஏதாவது சேர்த்துக்கொண்டு பிறகு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அப்பாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். எழுந்துபோய் மழைத் தூறலில் நின்று புல் பிடுங்கினார். அத்தான் இதற்கு எவ்வளவு அலைந்தார் என்று உனக்குத் தெரியாது. விரி என்ற இடத்தில் அவர் வேலை செய்கிற பெரிய களஞ்சியத்தில் இறைச்சியும் மீனும் வைக்கிற குளிர் அறைகள் இருக்கின்றன, அந்த மெஷின்களைப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று துரை சொன்ன அன்றைக்கே உன் பெயரைச் சொல்லி, உன் சேர்ட்டிபிக்கேற் கொப்பிகளைக் காட்டி, வேலைக் கடிதம் வாங்கி வந்தவர் அவர். அந்தக் கடிதமும் ஐப்பசிக் கடைசி மட்டும்தான் செல்லும். ஆக ஒரே மாதக் கடைசியில் உன் மேசையில் இரண்டு கடதாசி இருக்கும், நீ எதில் கையெழுத்து வைக்கப்போகிறாய் என்பதுதான் இப்போது இந்த வீட்டில் உள்ள ஒரே கவலை. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆவணியில் உனக்கு லீவு கிடைத்தபோது, நாடு கிடக்கிற கிடையில் வராதே என்று நாங்கள்தான் தந்தி அடித்தோம். அன்றைக்குச் சொன்னபடி கேட்டாய். இப்போது வா என்றால் மட்டும் ஏன் கேட்கிறாய் இல்லை?

சரி, அம்மா தொடங்கிவிட்டா என்று கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. இது ஏச்சுக் கடிதம் இல்லை, வயிறு நோகச் சிரிக்கிற விசயம் ஒன்று எழுதத்தான் இருந்தேன். நாங்கள் எல்லோரும் போன சனிக்கிழமை பாலைவனம் பார்க்கப் போய்வந்தோம். ஓம், நீ சரியாகத்தான் வாசிக்கிறாய், நியூசிலாந்தில்தான்.

உன் கடிதம் வந்த பிறகு எனக்கு ஒரே யோசனை, இந்தப் பிள்ளை விட்டு வரமாட்டேன் என்கிற அந்தப் பாலைவனம் எப்படித்தான் இருக்கும், வாழ்க்கையில் ஒரு தரமாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று. சாப்பிடும்போது அத்தானிடம் கேட்டேன், இந்த நாட்டில் ஏதும் பாலைவனம் இருக்கோ என்று. அவர் கை கழுவிவிட்டு வரைபடத்தை எடுத்து விரித்து, இருக்கு மாமி, டெசேட் றோட் எண்டு ஒரு றோட்டே இருக்கு, நான் போனதில்லை, விடியப் புறப்பட்டால் மத்தியானத்துக்குள்ள போயிடலாம் என்றார். அதைக் கேட்டதும் என்னைவிட அப்பாவுக்குத்தான் துள்ளல். உனக்குத் தெரியாது, இங்கே வந்த நாளிலிருந்து அவர் இரண்டு சுவெற்றரும் காது மூடுகிற தொப்பியுமாகத்தான் வீட்டுக்குள்ளும் திரிகிறார். ஒரு நாளாவது நல்ல வெயிலில் நிண்டு முதுகைக் காய விடவேணும் என்று சொல்லி, அன்றைக்கே தொப்பியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். ஆவணி மாதம் இங்கே குளிர்காலம்தானே, அங்கே மட்டும் வெயில் இருக்குமா என்று ரதி ஒரு தரம் கேட்டாள். பாலைவனம் எண்டால் வெயில், அதுக்கு அகராதி பாக்கத் தேவையில்லை என்று அப்பா முடித்துவிட்டார். இங்கே முடக்கில் இருக்கிற சின்னக் கடையை டெயரி என்று சொல்வார்கள், வந்த புதிதில் அந்தச் சொல்லை நம்பிச் செம்போடு போய், மாடு எங்கே கட்டியிருக்கு என்று கேட்டவரும் இதே மனுசன்தான், அதை யாரும் அப்போது நினைக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, நானும் அவர் கட்சிதான். வெள்ளிக்கிழமை முழுக்க ஆயத்தம். வெயிலுக்கு ஆகும் என்று மெல்லிய நூல் சேலை, அப்பாவுக்கு வேட்டியும் அரைக்கைச் சட்டையும், இரண்டு குடை, ஒரு விசிறி, பெரிய கானில் தண்ணீர், தேசிக்காய், உப்பு, வெள்ளரிக்காய், புளிச்சாதம், ஒரு பேணி நிறையத் தட்டை வடை. சான்ட்ரிங்ஹாமில் இருக்கிற பேர்ணடெட் ரீச்சர், மன்னாரில் படிப்பித்தவ, எனக்கு இங்கே கிடைத்த நல்ல சிநேகிதி, அன்றைக்குப் பார்த்து மிளகாய்த்தூள் கொண்டு வந்தா. விசிறியைக் கண்டதும், அங்க பனி கொட்டுமாம், என்ரை வேலைத்தலத்தில சொன்னவை, கோட்டைக் கொண்டு போங்கோ என்றா. நான் சிரித்துக்கொண்டு, ரீச்சர், நீங்கள் மலையைச் சொல்லுறியள், நாங்கள் போறது பாலைவனத்துக்கு என்று விளக்கம் கொடுத்தேன். அவ வாய்க்குள் ஏதோ சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மூன்று கம்பளியோடு திரும்பி வந்து, கீழ விரிச்சு இருக்கவாவது உதவும் என்று டிக்கிக்குள் தள்ளிவிட்டுப் போனா. அந்த மனுசிக்கு ஆயிரம் கும்பிடு.

விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். வழி எல்லாம் பச்சைதான், ஆடு, மாடு, திரும்ப ஆடு. தௌப்போ என்ற இடத்தில் கடல் மாதிரி ஒரு ஏரி, அதன் கரையில் இருந்து புளிச்சாதம் சாப்பிட்டோம், அங்கேயே கொஞ்சம் குளிர்ந்தது. இது தண்ணிக் காத்து, அங்கால போகப் போகச் சரியாகும் என்று அப்பா சொன்னார். ஏரி முடிந்து துராங்கி என்ற ஊரும் முடிந்தது, பாதை ஏறத் தொடங்கியது, மரங்கள் குறைந்து குறைந்து ஒரு இடத்தில் சட்டென்று ஒன்றுமே இல்லை. கறுப்பு மணல், ஆங்காங்கே காய்ந்த கற்றைப் புல், மின்சாரக் கம்பி கொண்டு போகிற பெரிய இரும்புக் கோபுரங்கள், அவ்வளவுதான். வந்திட்டம் வந்திட்டம் என்று அப்பா முன் சீற்றில் இருந்து சுவெற்றரைக் கழற்றினார். அப்போது பார்த்து வெள்ளையாக ஏதோ பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டியது. அப்பா இலவம் பஞ்சு என்றார், எரிமலை உள்ள நாடு, சாம்பலாக்கும் என்று நான் பயந்தேன். ரதி மட்டும் பின்னால் இருந்து, அம்மா, அப்பா, அது ஸ்நோ என்று ஒரு சத்தம் போட்டாள், பிறகு சிரிக்கத் தொடங்கியவள் நிற்பாட்டவில்லை.

அவ்வளவு தூரம் போய் இறங்காமல் வர முடியுமா? ஓரமாக நிறுத்தச் சொல்லி நூல் சேலையோடும் செருப்போடும் இறங்கினேன். காற்றடித்து ஒரு குடை அப்படியே தாமரைப்பூவாக மேலே விரிந்தது, அதைப் பிடித்துக்கொண்டு அப்பா வேட்டியோடு நிற்கிற படம் இதற்குள் வைத்திருக்கிறேன், வேலைத்தலத்தில் யாருக்கும் காட்டாதே, அவருக்குக் கோபம் வரும். நான் கொஞ்சத் தூரம் நடந்து தனியாக நின்று பார்த்தேன். பார்த்த பக்கம் எல்லாம் வெளி. கூப்பிட்டால் ஏன் என்று கேட்க ஒரு வீடு இல்லை, ஒரு நாய் இல்லை. நான் அங்கே போனது உன்னை நினைத்துத்தானே தியாகு, அதனால் வெயிலோ குளிரோ எனக்கு அந்த நேரம் வித்தியாசமாகத் தெரியவில்லை. இப்படி ஒரு வெளியில் என் பிள்ளை நாலரை வருடம் தனியாக நிற்கிறானே, நான் மூன்று பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்க முடியாமல் காருக்கு ஓடப் பார்க்கிறேனே என்று நினைத்தேன். கண் கலங்கியதைக் காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

இனித்தான் கதை. பனி கூடுகிறது என்று அத்தான் காரைத் திருப்பப் போக, பின் சில்லு இரண்டும் ஓரத்து மணலுக்குள் இறங்கிச் சுற்றுகிறதே தவிர ஏறவில்லை. ரீச்சரின் கம்பளியை ஆளுக்கொன்றாகப் போர்த்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் தள்ளினோம், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் ஒரு பலகை இருந்தது, அப்பா போய் உரத்து வாசித்தார், இது ஆமி பயிற்சி எடுக்கிற இடம், றோட்டை விட்டு இறங்கக்கூடாது, வெடிக்காத குண்டுகள் கிடக்கும் என்று. வாசித்து முடிக்கவில்லை, வளைவில் ஒரு பச்சை லொறி வந்து எங்களுக்கு நேரே நின்றது, அதிலிருந்து ஆமிப் பெடியள் மூன்று பேர் குதித்து எங்களை நோக்கி நடந்து வந்தார்கள். இங்கே பயப்பட ஒன்றும் இல்லை என்று புத்திக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. நான் ரதியை இழுத்து எனக்குப் பின்னால் விட்டேன். அப்பா என்ன செய்தார் தெரியுமா, ஒரு அடி முன்னால் வந்து, சட்டைப் பைக்குள் கையை விட்டு, நம்முடைய ஊர் அடையாள அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றார். இங்கே வந்து ஒன்றரை வருடமாகியும் காலையில் சட்டை போட்டதும் முதல் வேலையாக அதைத்தான் பைக்குள் வைப்பார், கண்ணாடிகூட அதற்குப் பிறகுதான். வேண்டாம் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வந்ததில்லை.

முன்னால் வந்தவன் மாவோரிப் பிள்ளை, கதவளவு உயரம், எங்கள் நிறந்தான். அட்டையை வாங்கினான், திருப்பித் திருப்பிப் பார்த்தான், அதில் இருக்கிற எழுத்து ஒன்றாவது அவனுக்கு எப்படி விளங்கும், படத்தைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். இது நீங்களா என்று கேட்டான். யெஸ் சேர் என்றார் அப்பா. இதில் தலைமயிர் நிறைய இருக்கிறதே, நல்ல வடிவான ஆளாக இருந்திருக்கிறீர்கள் என்று சொல்லி, அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிறகு மூன்று பேரும் தோளைக் கொடுத்து ஒரு உந்து, கார் றோட்டில் நின்றது. கேட்காமலே தங்கள் பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார்கள். அப்பாவின் தலையில் பனி விழுகிறதைக் கண்டு அந்தப் பிள்ளை தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி அவருக்குப் போட்டு, காதுவரை இழுத்தும் விட்டான். நான் பதிலுக்கு வடைப் பேணியை நீட்டினேன். நல்ல உறைப்பு வடை, ஒரு கடி கடித்ததும் அவன் முகம் சிவந்து கண்ணால் தண்ணீர் கொட்டியது, அன்றைக்கு அந்தப் பாலைவனத்தில் வெயில் அடித்தது அவன் ஒருவனுக்குத்தான். அப்படியும் இன்னும் இரண்டு கேட்டு வாங்கினான்.

இந்தக் குளிரில் ஏன் செருப்போடு வந்தீர்கள் என்று அவன் கேட்க, தம்பி சவூதிப் பாலைவனத்தில் இருக்கிறான், அம்மா அதைப் போல ஒன்று பார்க்க ஆசைப்பட்டா என்று ரதி இங்கிலீசில் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தப் பிள்ளையை இங்கே வரச் சொல்லுங்கள், எங்கள் பாலைவனத்தில் ஏர்கொண்டிசன் இலவசம் என்றானாம். அதைத் திருத்திற வேலைதான் தம்பிக்கு என்று ரதி சொல்ல, அப்பிடியெண்டால் இஞ்ச அவனுக்கு வேலை இல்லை என்று அப்பா தமிழில் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். ஊரை விட்டு வந்த பிறகு அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கண்டதில்லை.

அன்று துராங்கியில் ஒரு மோட்டலில் தங்கி அடுத்த நாள் வீடு வந்தோம். ஒருவருக்கும் தடிமன்கூடப் பிடிக்கவில்லை. பேர்ணடெட் ரீச்சருக்குக் கம்பளியைத் திருப்பிக் கொடுக்கும்போது நான் தலை நிமிரவே இல்லை. அப்பா அந்த ஆமித் தொப்பியோடுதான் இப்போது படுக்கை. திங்கட்கிழமை அவருடைய சட்டையைத் தோய்க்க எடுத்தபோது பழக்கத்தில் பைக்குள் கையை விட்டுப் பார்த்தேன், அட்டை இல்லை. தொலைத்துவிட்டார் என்று பதறித் தேடினால், நம்முடைய பழைய படங்கள் வைக்கிற அல்பத்துக்குள் உன் பள்ளிக்கூடப் படத்துக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறது. அட்டையை நான் அந்த இடத்திலேயே விட்டேன். ஆனால் எனக்கு இருந்து அழ வேண்டும் போல இருந்தது, சந்தோசத்தில்தான்.

அந்த அல்பத்துக்குள்தான் இன்னொன்றும் கண்டேன், உன்னுடைய நாலாம் வகுப்புச் சோதனைத் தாள். மாங்குளம் ஸ்டேசன் குவாட்டர்ஸில் நாங்கள் இருந்த நேரம், தண்டவாளத்துக்கு அங்கால் நின்ற பாலை மரங்களில் ஏறி, பால் பட்டு உதடு இரண்டும் ஒட்டிப்போகப் பழம் தின்றுவிட்டு வாய் திறக்க முடியாமல் வந்து நிற்பாயே, அந்த வருடத்துத் தாள். பாலைவனம் பற்றி எழுதச் சொன்னதற்கு, பாலைவனம் என்பது பாலை மரங்கள் நிறைந்த காடு, அங்கே ஒட்டகங்கள் பாலைப்பழம் தின்னும், அதனால்தான் ஒட்டகங்கள் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். வாத்தியார் பெரிய முட்டை போட்டிருக்கிறார். அதை வைத்து உன்னை எத்தனை வருடம் பகிடி பண்ணியிருப்போம். ரியாத்துக்குப் போகிற அன்று, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நான் அழுதுகொண்டு நிற்க, என்னைச் சிரிக்க வைக்கிறதற்காக நீயே அதைத்தானே சொன்னாய், அழாதையுங்கோ அம்மா, பாலைவனத்துக்குத்தானே போறன், வரேக்குள்ள ஒரு சாக்குப் பாலைப்பழத்தோட வாறன் என்று.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம். வெயிலால் வந்த கையோடு ஐஸ் தண்ணீர் குடிக்காதே. கிழமையில் ஒரு நாளாவது தலைக்கு எண்ணெய் வை. அக்கா வீட்டில் உனக்கென்று பின் அறையைத் துடைத்துக் கட்டில் போட்டாயிற்று, அத்தான் தானே சுவருக்கு வண்ணம் அடித்தார், ஒரு நாளும் அந்த மனுசன் உன்னைப் பாரமாக நினைக்க மாட்டார், அப்படி நினைத்து அவரை நீ சின்னவராக்காதே. கோட்டும் வாங்கி வைத்திருக்கிறோம், பாலைவனத்து ஆள் என்பதால் இரண்டாக. அம்மாளாச்சி உனக்கு நல்ல சுகத்தையும் நல்ல புத்தியையும் தந்து, போன வழியால் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று அப்பாவும் நானும் உன் தலையில் கை வைத்து வாழ்த்துகிறோம்.

மறந்துவிடாதே, குடிவரவுப் பத்திரம் இதற்குள் இருக்கிறது, பென்சிலால் புள்ளடி போட்ட நாலு இடத்திலும் கையெழுத்து வைத்து உடனே பதிவுத் தபாலில் அனுப்பு. நான் பாலைவனத்தைக் கண்ணால் பார்த்துவிட்டேன் ராசா, அங்கே ஒரு பாலை மரமும் இல்லை. ஒரு சாக்கு நிரம்பட்டும் என்று இன்னும் இரண்டு வருடம் நிற்காதே. வெறுங்கையோடு வா.

இப்படிக்கு,
பின் அறை யன்னலைத் திறந்து வைத்திருக்கும்
அம்மா,
ஏ. குணவதி